பத்துப் பத்துக்கு வரும் ஈரம்

1

ராயப்பன்பட்டியில் அண்ணன் தோட்டத்துக் கல்தூணில் நான் மாட்டிவிட்டு வந்த பெட்டிக்கு இந்த வாரம் ஒரு வயது முடிகிறது. ஜப்பானுக்கு வந்து பதினாறு வருடம் ஆனபோதுகூட எனக்கு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பெட்டிக்கு ஒரு வயது என்றதும் பேனாவைத் தேடி எடுத்துவிட்டேன். பெற்ற பிள்ளைக்குப் பதினான்கு வயதாகிறதே, அவளைப் பற்றி எப்போதாவது எழுதினாயா என்று சண்டைக்கு வராதீர்கள். ரோசியும் இதில் வருகிறாள். என் மானத்தை வாங்கியதும் அவள்தான், அதைத் திருப்பிக் கொடுத்ததும் அவள்தான்.

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் நான் ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை. எலக்ட்ரானிக்ஸ் ஆராய்ச்சி என்றால் “டிவி ரிப்பேரா?” என்பார்கள். சென்சார், ரேடியோ என்று விளக்கினால் “பாட்டு வருமா?” என்று அடுத்த கேள்வி வரும். பாட்டு வராது. உள்ளங்கை அளவில் இலை மாதிரி ஒரு தகடு. அதன் மேல் சீப்புப் பல் போல மெல்லிய உலோகக் கோடுகள். பனியோ மழையோ அதில் பட்டால் கோடுகளுக்கு நடுவே மின்சாரம் கசியும். எவ்வளவு கசிகிறது என்று பார்த்தால் பக்கத்து இலைகள் எவ்வளவு நேரம் நனைந்து கிடந்தன என்று தெரிந்துவிடும். திராட்சைக்கு வரும் அடிச்சாம்பல் நோய்க்கு இந்த ஈர நேரம்தான் ஆகாரம். தகட்டை நாங்கள் செயற்கை இலை என்கிறோம். அதன் கீழே இருக்கும் பெட்டி நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கை ரேடியோவில் அனுப்பும். மோட்டார் ரூம் மாடியில் உள்ள இன்னொரு பெட்டி அதை வாங்கி, செல்போன் சிம் வழியாக கோஃபு நகரத்தில் என் மேசைக்கு அனுப்பிவிடும். இலை அளவுக்கு மேல் நனைந்தால் “மருந்து அடிக்கவும்” என்று அண்ணன் போனுக்குத் தமிழில் ஒரு செய்தியும் போகும்.

கோஃபுவும் திராட்சை ஊர்தான். நாலு பக்கமும் மலை, நடுவில் பள்ளம், பள்ளம் முழுக்கப் பந்தல். முதல்முறை வந்து இறங்கியபோது உத்தமபாளையத்தைத் தாண்டி பஸ் ஏறி வந்துவிட்டேனோ என்றுதான் இருந்தது. ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு குலைக்கும் மழை படாமல் காகிதத்தில் ஒரு குட்டிக் குடை கட்டுவார்கள். போட்டோ அனுப்பினேன். அண்ணன் உடனே கூப்பிட்டார்.

“ஏத்தா சிந்தா, கொலைக்குக் கொலை குடையா? நம்ம சனத்துக்கே மழைக்குக் குடை கெடையாது. அதுக்கெல்லாம் ஆளு யாரு?”

ஜெசிந்தா என்ற என் பெயர் அவர் வாயில் எப்போதும் சிந்தாதான். சவரியண்ணனுக்கு நான் ஒரே தங்கை.

2

பெட்டியை ஊருக்குக் கொண்டுபோனது ஒரு தனிக் கதை. ஜப்பானில் இந்த மாதிரிக் கருவிகள் பேசும் ரேடியோ அலைவரிசை வேறு, இந்தியாவில் வேறு. அலைவரிசையை மாற்றி, ஆன்டெனாவை மாற்றி, மாற்றியதற்கு ஒரு தாள், மாற்றியதை மறுபடி சோதித்ததற்கு ஒரு தாள், அதைக் கொண்டுபோவதற்கு ஒரு தாள். ஒவ்வொன்றிலும் என் பெயர் பொறித்த உருண்டை முத்திரை. ஜப்பானில் கையெழுத்தை நம்ப மாட்டார்கள், முத்திரையைத்தான் நம்புவார்கள். இந்திய விமான நிலையத்தில் இறங்கினால் சுங்க அதிகாரி ஒருவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“செயற்கை இலை சார்.”

“எதுக்கு?”

“தோட்டத்துல வைக்க.”

“தோட்டத்துல நெஜ எலை இல்லையா?”

பதினாறு வருட ஆராய்ச்சியில் இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பெட்டி கைக்கு வர எட்டு நாள் ஆயிற்று. லீவில் கடைசிக்கு முந்தின நாள்தான் அதைத் தூணில் மாட்ட முடிந்தது.

எந்தத் தூண் என்று தேர்ந்தெடுக்க ஒரு மத்தியானம் முழுக்க ரேடியோ மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தலுக்கடியில் நடந்தேன். தலைக்கு மேல் முழுக்கக் கம்பி வலை. அது ரேடியோவைக் கடித்துத் துப்பிவிடும். தோட்டத்துக்குள் நுழைகிற இடத்தில், பந்தல் தொடங்கும் முதல் தூணில்தான் அலை திடமாகக் கிடைத்தது. அங்கேயே மாட்டினேன். அதற்கு ஓர் எட்டு தள்ளி மாதா கெபி இருக்கிறது. போர் போட்டுத் தண்ணீர் வந்த வருடம் அப்பா கட்டியது. கருங்கல்லில் சின்னக் குகை மாதிரி, உள்ளே மாதா சுரூபம். ஆராய்ச்சிக் கோப்புக்காக நான் வரைந்த இடப் படத்தில் அதற்கும் ஒரு கட்டம் போட்டேன். கட்டத்துக்குள் இப்படி எழுதினேன்: “கல் கட்டுமானம், உயரம் ஐந்தடி. ரேடியோவுக்குப் பெரிய தடையில்லை.”

இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது மறந்துபோனதால்தான் இந்தக் கட்டுரை.

3

எங்கள் ஆய்வுக்கூடத்தில் காலை பத்து மணிக்கு டீ. ஜப்பான்காரர்கள் இதில் மாதா கோயில் மணி மாதிரி. பத்தடித்தால் எல்லோரும் கோப்பையோடு எழுந்துவிடுவார்கள். நான் மட்டும் டீயை மேசைக்கே கொண்டுவந்து ஊரிலிருந்து வரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்களுக்குப் பத்து என்றால் ஊரில் காலை ஆறரை.

முதல் வாரத்திலேயே அது கண்ணில் பட்டது. சரியாகப் பத்துப் பத்துக்கு, ஊரில் ஆறு நாற்பதுக்கு, இலை நனையும். ஒரே நிமிடத்தில் கோடு உச்சிக்குப் போகும். பிறகு கால் மணி நேரத்தில் மெல்ல இறங்கிக் காய்ந்துவிடும். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. மேகமலையிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் கூடலூர்ப் பக்கக் கணவாய்க் காற்றும் சூரியன் எழும் நேரத்தில் எங்கள் தோட்டத்துக்கு மேலேயே கைகுலுக்கிக் கொள்கின்றன என்று முடிவு கட்டினேன். “பள்ளத்தாக்குப் பனி” என்று அதற்குப் பெயரும் வைத்தேன்.

என் மேலதிகாரி ஹோசகா-சான் நல்ல மனிதர், ஆனால் முகத்தில் எதுவும் தெரியாது. அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“பனி ஏன் ஒரே நிமிடத்தில் விழுகிறது?”

“எங்கள் ஊர்ப் பனி அப்படி,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த ஈரம் இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தது. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. ஊரில் மூன்று பேஸ் கரண்ட் வரும் நேரம் மாறும், அதனால் தண்ணீர் பாய்ச்சும் நேரம் மாறும், அதனால் தோட்டத்துக் காற்றின் ஈரம் மாறும். அக்டோபரில் காலை ஈரம் போதாதென்று சாயங்காலமும் ஓர் ஈரம் சேர்ந்துகொண்டது. வடகிழக்குப் பருவமழை, சந்தேகமே இல்லை. மாதம் முடிந்ததும் நின்றது. மே மாதம் திரும்ப வந்தது. கோடை மழை, அதிலும் சந்தேகமில்லை. இதையெல்லாம் சேர்த்து இருபது பக்கத்துக்கு அறிக்கை எழுதி முத்திரையும் குத்திவிட்டேன்.

இந்த அறிக்கையில் நிறைய விஷயம் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவில் எங்களுக்கு இருக்கும் சோதனைத் தோட்டம் இது ஒன்றுதான். ஜூன் மாதம் நடக்கும் மதிப்பீட்டுக் கூட்டத்தில் ‘தொடரலாம்’ என்றால் இன்னும் மூன்று வருடம், ‘வேண்டாம்’ என்றால் பெட்டியைக் கழற்ற வேண்டியதுதான். தொடர்ந்தால் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் பெட்டியைப் பார்க்க நான் ஊருக்குப் போயாக வேண்டும், ரோசியும் கூட வருவாள். போன வருடத்துக்கு முன்னால் ஐந்து வருடம் நாங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வேலை, பள்ளி, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டே ஐந்து வருடம் ஓடியது. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் ஆறாவது வருடமும் ஓடியிருக்கும். எனக்கு அந்தத் தோட்டம் கையைவிட்டுப் போகக்கூடாது என்று இருந்தது, அவ்வளவுதான்.

4

ரோசியைப் பற்றி. தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வாள். சாம்பார் வைத்தால் அதில் பாதியை அப்பாவின் தட்டுக்கு நகர்த்துவாள். அவளுடைய அப்பா எட்வின், பக்கத்து ஊர் இயந்திரத் தொழிற்சாலையில் இருக்கிறார். “வளர்ற பிள்ளை, விடு” என்று இரண்டு சாம்பாரையும் சாப்பிடுவார். பள்ளி விட்டால் பேட்மின்டன், அது விட்டால் போன். ஊரிலிருந்து பெரியவர்கள் பேசினால் ‘ம்’ என்பாள், ‘நல்லா இருக்கேன்’ என்பாள், போனை என் கையில் திணித்துவிட்டுப் போவாள். இவள் நம் கையை விட்டுப் போய்விட்டாள் என்று நான் மனதுக்குள் அழுது முடித்தே இரண்டு வருடம் ஆயிற்று.

நானும் யோக்கியமில்லை. பதினாறு வருடம் அலுவலகத் தமிழ்கூட இல்லாமல் இருந்ததில் என் பேச்சு செய்தி வாசிப்பது மாதிரி ஆகிவிட்டது. போன வருடம் சின்னமனூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் “ராயப்பன்பட்டிக்கு இரண்டு சீட்டுகள் கொடுங்கள்” என்றேன். அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “மேடத்துக்கு எந்த ஊரு?” என்றார். அந்த ஊர்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஜப்பானிய மொழியிலும் சறுக்கல்தான். இங்கே வெளியாளிடம் பேசும்போது சொந்தக் குடும்பத்தாரை மரியாதையாகச் சொல்லக்கூடாது. அண்ணன் வந்தான், மதினி சொன்னாள் என்கிற மாதிரி தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். எனக்கு அது வரவே வராது. சவரியண்ணனையும் அவர் மனைவி லூர்து மதினியையும் மன்னர் குடும்பம் அளவுக்கு உயர்த்திப் பேசி, சக ஊழியர்களை நெளிய வைத்திருக்கிறேன்.

5

கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை. சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடங்களைப் பரப்பி வைத்திருந்தேன். ரோசி தண்ணீர் குடிக்க வந்தவள் நின்றாள். ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து ஏதோ தேடினாள். தாளையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“அம்மா, இது லூர்து அத்தை.”

“எது?”

“இந்தா, இந்தக் கோடு. அத்தை தொடைக்கிறாக.”

எனக்கு இரண்டு அதிர்ச்சி. முதலாவது, அவள் சொன்ன விஷயம். இரண்டாவது, ‘தொடைக்கிறாக’. ஜப்பானில் பிறந்து வளர்ந்தவள், ராயப்பன்பட்டிக்காரி மாதிரியே சொல்கிறாள்.

போனைக் காட்டினாள். போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது தொடங்கியதாம். ஒவ்வொரு நாளும் காலை அண்ணன் மனைவி லூர்து மதினி கெபிக்குப் போய், மாதா சுரூபத்தை ஈரத் துணியால் துடைத்து, பூ வைத்து, ஒரு போட்டோ எடுத்து ரோசிக்கு அனுப்புகிறார். கூடவே குரல் செய்தியும். “ரோசிப்புள்ள, இன்னைக்குச் செம்பருத்தி ஆத்தா. சாப்டியா?” ரோசியும் பதில் பேசி அனுப்புகிறாள். அவளுடைய தமிழ் முழுக்க அந்த போனுக்குள் வளர்ந்திருக்கிறது. நான் பார்க்கத் தவறியிருக்கிறேன்.

ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழே நேரம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு. பத்துப் பதிமூன்று. பத்துப் பன்னிரண்டு. ஞாயிறு மட்டும் பன்னிரண்டு நாற்பதுக்கு மேல். பூசை முடிந்துதானே கெபிக்குப் போவார்கள். அக்டோபர் முழுக்கச் சாயங்காலமும் போட்டோ, மெழுகுவர்த்தியோடு. மே மாதமும் அதே.

அக்டோபர் செபமாலை மாதம். மே மாதா வணக்க மாதம். ராயப்பன்பட்டியில் ஞானஸ்நானம் வாங்கி, பதினேழு வயது வரை அந்த இரண்டு மாதமும் முழங்காலில் நின்றவள் நான். அந்த ஈரத்துக்குப் பருவமழை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஒரு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாதாவுக்குப் பின்னால் தூணில் என் செயற்கை இலை. பளபளவென்று இருந்தது.

6

அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, மதினி அந்தத் தகட்டைத் துடைக்கிறாங்களா?”

“ஆமா. மாதாவத் தொடச்ச கையோட அதையும் ஒரு தொட தொடச்சுட்டுத்தான் வருவா. சிந்தா வச்ச சாமான்ல தூசி கெடந்தா பாக்குறவுக என்ன நெனப்பாகன்னு கேப்பா. ஏன், தொடைக்கக் கூடாதா?”

“அது நனைஞ்சா மழைன்னு நினைச்சுக்கும் அண்ணே. அந்த ஈரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் உங்களுக்கு மருந்து அடிக்கச் சொல்லிச் செய்தி வரும்.”

“அட, அதானா! நெனச்சேன். எலை காஞ்சு கெடக்கும், ஒம் பெட்டி மருந்தடிங்கும்.”

“அடிச்சீங்களா?”

“நான் எங்க அடிக்க? எலையத் திருப்பிப் பாப்பேன். அடியில வெள்ள பூத்திருந்தா அடிப்பேன், இல்லாட்டி வீட்டுக்கு வந்துருவேன்.”

“தப்பா வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”



“எப்பிடித்தா சொல்றது? அந்தப் பெட்டிய வச்சதுக்கப்பறந்தான் வருசா வருசம் வருவேன்னு சொன்ன. அது தப்புன்னு நான் சொல்லி, அங்கன ஆபீசுல ஒன்னய ஏதாச்சும் சொல்லிட்டாகன்னா? பெட்டி பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. போனை வைத்துவிட்டு இரண்டையும் செய்தேன்.

7

மூடி மறைத்திருக்கலாமா? மறைத்திருக்கலாம். மதினியிடம் துடைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, இந்த வருடம் பனி குறைந்துவிட்டது என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஞாயிறு முழுக்க இந்த யோசனை ஓடியது. ஆனால் அந்தக் கணக்கை நம்பி நாளைக்கு வேறொருவர், இலையைத் திருப்பிப் பார்க்காமல் மருந்து அடிப்பார். திங்கட்கிழமை காலை ஹோசகா-சானிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். இங்கே தவறு நடந்தால் அந்தத் தாளை நிரப்ப வேண்டும். அதில் ‘ஏன்?’ என்று ஐந்து முறை அச்சடித்திருக்கும். ஒவ்வொரு பதிலுக்கும் அடியில் அடுத்த ஏன் காத்திருக்கும்.

பனி இல்லாத நேரத்தில் கருவி ஏன் ஈரம் காட்டியது? ஈரத் துணியால் துடைத்ததால்.

ஏன் துடைக்கப்பட்டது? என் அண்ணன் மனைவி அவர்கள் தினமும் துடைத்தருளினார்கள். (இங்கேயும் மரியாதை அதிகமாகிவிட்டது. அழிக்கவில்லை.)

ஏன் துடைத்தார்கள்? பக்கத்தில் மாதா கெபி. அதைத் துடைப்பவர்கள் அருகில் தூசியோடு ஒரு பொருளை விட்டுவைக்க மாட்டார்கள்.

ஏன் கருவியை அங்கே வைத்தீர்கள்? ரேடியோ நன்றாகக் கிடைத்தது. கெபியை ஐந்தடிக் கல் கட்டுமானம் என்று குறித்துக்கொண்டேன்.

ஏன் அப்படிக் குறித்தீர்கள்?

இதற்கு மட்டும் டீ ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எழுதினேன்: “அது என் சொந்த ஊர். எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதனால் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.” முத்திரை குத்திக் கொடுத்தேன்.

ஹோசகா-சான் அதைப் படித்தார். மூன்றாவது ஏன் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். ஐந்தாவதை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். கோஃபு தோட்டங்களிலிருந்து கழற்றி வந்த செயற்கை இலைகள். எல்லாவற்றிலும் மருந்துப் படிவு, தூசி, பறவை எச்சம். இரண்டு மூன்று மாதத்தில் இவை பொய் சொல்லத் தொடங்கிவிடும். காய்ந்திருந்தாலும் ஈரம் என்று காட்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தீராத தலைவலி அது.

“உங்கள் தோட்டத்து இலை ஒன்றுதான் ஒரு வருடமாகப் பொய் சொல்லவில்லை,” என்றார். “துடைக்கும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.”

பார்த்தேன். வாஸ்தவம்தான். மதினியின் அந்தக் கால் மணி நேரத்தை நீக்கிவிட்டால் மீதிக் கோடு முதல் நாள் போலவே சுத்தமாக இருந்தது. அதுமட்டுமா? முழுக்க நனைந்தால் எவ்வளவு, முழுக்கக் காய்ந்தால் எவ்வளவு என்று அந்தக் கருவிக்கு ஒவ்வொரு நாளும் யாரோ பாடம் எடுத்த மாதிரி இருந்தது. இப்படி ஓர் ஏற்பாட்டுக்காக நாங்கள் மோட்டார் வைத்த தெளிப்பான் ஒன்றைச் செய்து பார்த்து, அது அடைத்துக்கொண்டு கைவிட்டிருந்தோம்.

“பனியைப் பற்றிக் கூட்டத்தில் பேசாதீர்கள். துணியைப் பற்றிப் பேசுங்கள்,” என்றார் ஹோசகா-சான். “கூட்டம் பத்து மணிக்கு. பத்துப் பத்துக்குத் திரையில் நேரடியாகக் காட்டுங்கள்.”

மறுநாள் பத்துப் பத்துக்குத் திரையைப் பார்த்தேன். கோடு படுத்துக் கிடந்தது. அதற்கு மறுநாளும் எழவில்லை.

8

அண்ணன் மதினியிடம் சொல்லிவிட்டிருந்தார். அவர் என்ன சொன்னாரோ, மதினி எப்படி எடுத்துக்கொண்டாரோ, கெபிக்குப் போகிறவர் தூண் பக்கம் திரும்புவதே இல்லையாம். ரோசிக்கு வரும் போட்டோவும் நின்றுபோயிருந்தது. ரோசி சாம்பாரை நகர்த்தக்கூடச் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரத்துக்கு மேல் கெஞ்சினேன். அண்ணன் மூலமாகச் சொன்னேன், மதினியிடமே போனிலும் பேசினேன்.

“வேணாம் ஆத்தா,” என்றார் மதினி. “ஒரு வருசமா ஒன் வேலையக் கெடுத்துருக்கேன், அறிவில்லாம. அங்கன பெரியாளுகள்லாம் என்ன சொன்னாகளோ. எனக்கு நெஞ்சே ஆறல. இனிமே அது கிட்டப் போனா ஏன்னு கேளு.”

“மதினி, நீங்க துடைக்கிறதுதான் நல்லதுன்னு அவங்களே சொல்றாங்க.”

“எனக்காகச் சொல்ற. ஒன்னயத் தெரியாதா எனக்கு?”

செய்தி வாசிக்கும் தமிழில் யாரையாவது சமாதானப்படுத்த முடியுமா? கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ரோசி என் கையிலிருந்து போனை வாங்கினாள். இதுவரை ஊர் போனை என் கையில் திணித்த பெண்.

“அத்தே, நான் ரோசி. அம்மா பொய் சொல்லல. நாளைக்கு ஆபீசர்மாரு எல்லாரும் பாக்குறாக. நீங்க தொடச்சாத்தான் அம்மாவ ஊருக்கு விடுவாக. நானும் வருவேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “எனக்குப் பூப் போட்டோவும் வேணும்.”

எதிர்முனையில் மதினி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “பாப்பம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் கூட்டம். மேசையைச் சுற்றி ஏழு பேர், ஏழு முத்திரை, ஏழு கோப்பை டீ. துணிக் கதையைச் சொல்லி முடித்துத் திரையைக் காட்டினேன். பத்துப் பத்து. கோடு அசையவில்லை. பத்துப் பதினொன்று. ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார். பத்துப் பன்னிரண்டு. ஹோசகா-சான் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். நான் வேளாங்கண்ணிக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

பத்துப் பதினேழுக்குக் கோடு ஒரே தாவலில் உச்சிக்குப் போனது.

கைதட்டினார்கள். ஜப்பானில் ஓர் ஈரத் துணிக்குக் கைதட்டல் வாங்கித் தந்தவர் எங்கள் லூர்து மதினி. கோஃபு தோட்டக்காரர்களும் இனித் தினமும் இலையைத் துடைக்க வேண்டும் என்று அப்போதே முடிவாகி, யார் எந்தக் கிழமை என்று பட்டியல் போடத் தொடங்கிவிட்டார்கள். ராயப்பன்பட்டிக்கு இன்னும் மூன்று வருடம் என்று எழுதி ஏழு முத்திரையும் விழுந்தது. அது விழுந்துகொண்டிருக்கும்போதே, காய்ந்து இறங்கிக்கொண்டிருந்த கோடு மறுபடியும் உச்சிக்கு எழுந்தது.

“இரண்டாவது எதற்கு?” என்று ஒருவர் கேட்டார்.

“விசாரித்துச் சொல்கிறேன்,” என்றேன்.

இந்த முறை கேட்காமல் எழுதக்கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். வெளியே வந்ததும் கூப்பிட்டேன்.

“மதினி, ஏன் இன்னைக்கு ஏழு நிமிஷம் லேட்டு? உயிரே போயிருச்சு.”

“ஆபீசர்மாரு பாக்குறாகன்னு புள்ள சொன்னுச்சுல்ல? நல்ல சேலையாக் கட்டுவோம்னு தேடுனேன், நேரமாயிருச்சு.”

அந்தத் தகட்டுக்குச் சேலை தெரியாது என்று நான் சொல்லவில்லை.

“சரி, ரெண்டாவது தடவை எதுக்குத் துடைச்சீங்க?”

“மொதத் தொடச்சது ஆபீசுக்கு,” என்றார் மதினி. “ரெண்டாவது, போட்டோ கேட்ட நம்ம புள்ளைக்கு.”